கண் நோவும் கஹ்ஹால்களும்

கண் களைத்தால் இமைமேல் நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவதும், ஆறிய தேயிலைச் சக்கையைத் துணியில் பொதிந்து வைப்பதும் ஹட்டன் தோட்டப்புறத்தார் அறிந்த கைவைத்தியம். முஸ்லிம் வீடுகளில் சுருமாவும் உண்டு. இவற்றுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதே பார்வை என்று யூக்லிட்டும் தொலமியும் கருதினர். 965இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் இதை மறுத்தார். கடும் ஒளியைப் பார்த்தால் கண் நோகிறது. ஆகவே ஒளியே கண்ணுக்குள் வருகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' நூலில் வாதிட்டார். கண்ணின் நோவே ஒளியியலுக்குச் சான்றாயிற்று.

ஏறத்தாழ அக்காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' நூலில் 130 கண்ணோய்களை விவரித்தார். கண் மருத்துவரைக் குறிக்கும் 'கஹ்ஹால்' என்ற சொல், மையைக் குறிக்கும் 'குஹ்ல்' என்பதிலிருந்து பிறந்தது. மைக்கு அவ்வளவு மதிப்பு!

ஆனால், இன்று விற்கப்படும் சுருமா பலவற்றில் ஈயம் இருப்பது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கடைச் சுருமாவைக் கைவிடுவது முன்னோரை அவமதிப்பதாகாது. சோதித்து அறிவதே அவர்கள் வழி.

குப்பி விளக்கில் படித்த லயத்துப் பிள்ளைகளின் பேரர்கள் இன்று கைப்பேசியில் கண் பதித்திருக்கிறார்கள். உற்றுப் பார்க்கையில் இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது. அடிக்கடி இமைத்து, இடையிடையே தூரத்து மலையைப் பார்க்கட்டும். மூடிய இமைமேல் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். பூச்சாற்றையோ தேயிலைச் சாயத்தையோ கண்ணுக்குள் விடவேண்டாம். நோவு நீடித்தால் இன்றைய கஹ்ஹாலிடம் செல்வோம்.