காலுக்கு ஒரு பங்கு

எழுதுகிறவனுக்குக் கை மட்டும் போதும், காலுக்கு அங்கே என்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். தட்டெழுத்து யந்திரத்தை ஆரம்ப நாட்களில் விற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டோபர் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய யந்திரத்தை உற்பத்தி செய்ய முன்வந்தது ரெமிங்டன் கம்பெனி. துப்பாக்கியும் தையல் யந்திரமும் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. 1874-இல் விற்பனைக்கு வந்த யந்திரத்தைப் பார்த்தால் தையல் யந்திரத்தின் தங்கை என்றே சொல்லத் தோன்றும். மேலே பூ வேலைப்பாடு. கீழே தாங்கும் கால்கள். அவற்றின் நடுவே ஒரு மிதி! ஒரு வரி முடிந்ததும் மிதியை அழுத்தினால், காகிதத்தைத் தாங்கிய உருளை அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வந்துவிடும். கைகள் எழுத்துகளை விட்டு நகர வேண்டியதே இல்லை.

மிதி வெகு நாள் நிலைக்கவில்லை. அதன் இடத்தைக் கையால் இயக்கும் நெம்புகோல் பிடித்துக்கொண்டது. யந்திரத்தை எந்த மேஜைமேலும் தூக்கி வைக்க முடிந்தது. அந்தச் சௌகரியத்துக்கு விலையாகக் காலின் வேலை கையின் தலையில் விழுந்தது. 1878-இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் மாடலில் ஷிப்ட் விசையும் சேர்ந்தது. ஒரு விரல் ஒன்றை அமுக்கிப் பிடிக்க, இன்னொரு விரல் வேறொன்றைத் தட்டும் வழக்கம் வேரூன்றியது. இன்று கணினியில் கண்ட்ரோல் விசையோடு எழுத்தைச் சேர்த்துத் தட்டுவதெல்லாம் அந்த வம்சத்துப் பேரப்பிள்ளைகளே. பாரம் முழுவதும் பாவம், சுண்டுவிரலுக்கு!

காலை அடியோடு மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டெழுதியவர்கள் பதிவை ஓட்டவும் நிறுத்தவும் மிதியைத்தான் நம்பினார்கள். 1960-களில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர், திரையில் குறியை நகர்த்த மேஜையடியில் முழங்காலால் இயக்கும் கருவி ஒன்றையும் சோதித்தார்கள். பழகியவர்களிடம் மவுஸ் வென்றது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் உலகம் கண்டதும் மவுஸைத்தான். மறுபடியும் கைக்கே வேலை!

என் மேஜையடியில் இப்போது ஒரு மிதி இருக்கிறது. நாள் முழுவதும் தட்டினால் இடக்கைச் சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை வலி ஓடும்; ஆகவே நானே செய்துகொண்டேன். பட்டறைகளில் உபயோகிக்கும் கால் சுவிட்ச் ஒன்று. தீப்பெட்டியைவிடச் சிறிய அர்டுயினோ மைக்ரோ பலகை ஒன்று. சுவிட்சின் ஒரு கம்பி பலகையின் ஓர் உள்ளீட்டு முனைக்கு, மற்றது கிரவுண்டுக்கு. பலகை கணினியிடம் ‘நான் ஒரு விசைப்பலகை’ என்று சொல்லிக்கொள்கிறது, கணினியும் நம்பிவிடுகிறது. மிதித்தவுடன் சுவிட்சின் உலோகத் தகடுகள் சற்றே துள்ளுவதால், ஒரு மிதி பல மிதிகளாகத் தெரியும். ‘20 மில்லி வினாடி பொறு’ என்று நிரலில் ஒரு வரி எழுதினால் அந்தத் தொல்லை தீர்ந்தது. இப்போது கால் கண்ட்ரோலைப் பிடித்துக்கொள்ள, விரல் எழுத்தை மட்டும் தட்டுகிறது.

டாக்டரிடம் காட்ட வேண்டிய வலிக்கு மிதி மருந்தாகாது. ஆயினும், விசைப்பலகையின் இன்றைய உருவம் பிரம்மா எழுதிய எழுத்தல்ல. எப்போதோ யாரோ தம் சௌகரியத்துக்குச் செய்த ஏற்பாடு. உடம்புக்கு ஒவ்வாதபோது அதைத் திருத்திக்கொள்ள நமக்கும் உரிமை உண்டு.