மிதிவண்டியோட்டத்தில் வழுக்கைத் தலைப் பாதுகாப்பு

மிதிவண்டியோட்டத்தில் வழுக்கைத் தலைப் பாதுகாப்பு என்பது, முடி உதிர்ந்த அல்லது முழுவதும் மழிக்கப்பட்ட தலையுடன் மிதிவண்டி ஓட்டுவோர், வெயிலிலிருந்து தலைத்தோலையும் வழிந்திறங்கும் வியர்வையிலிருந்து கண்களையும் காத்துக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். தலைக்கவசத்தின் அடியில் அணியப்படும் மெல்லிய துணித் தொப்பி, பந்தனா, நெற்றிப்பட்டை, வெயில் காப்புக் களிம்பு ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. தலைக்கவசம் மட்டுமே போதும் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும் அது சரியன்று. விழும்போது ஏற்படும் மோதலைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்ட கருவி அது. நிழல் தருவது அதன் பணியன்று.

வெயிலை மறைக்கும் எப்பொருளும் காற்றையும் ஓரளவு மறைக்கும். காற்றுப் படாவிட்டால் வியர்வை உலராது. இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதே இதிலுள்ள அடிப்படைச் சிக்கலாகும்.

== தலைத்தோலும் வெயிலும் ==

ஆண்களிடம் காணப்படும் மரபுவழி வழுக்கை பொதுவாக நெற்றியோரங்களிலும் உச்சியிலும் தொடங்குகிறது. இதன் படிநிலைகளை 1951இல் ஹாமில்டன் வகைப்படுத்தினார். 1975இல் நார்வுட் அதனைத் திருத்தி ஏழு வகைகளாக அமைத்தார். பக்கங்களிலும் பிடரியிலும் முடி எஞ்சியிருக்க, உச்சி மட்டும் வெறுமையாவது இவ்வகை வழுக்கையின் இயல்பு. நண்பகல் வெயில் நேராக விழும் இடமும் உச்சியே.

தரையை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்டவை புற ஊதா-ஏ என்றும், 280 முதல் 315 வரையிலானவை புற ஊதா-பி என்றும் அழைக்கப்படுகின்றன. தோல் சிவந்து எரிவதற்குப் பெரிதும் காரணமாவது பின்னது. இக்கதிர்களைத் தோலால் வெப்பமாக உணர இயலாது. மிதிவண்டி ஓடும்போது எதிர்க்காற்று தலையைக் குளிர்விப்பதால், ஓட்டுபவர் வெயில் தாக்குவதை அறியாமலேயே பல மணி நேரம் ஓட்டிவிடுகிறார். வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் எரிச்சல் தெரிகிறது. மெல்லிய மேகம் இக்கதிர்களைத் தடுப்பதில்லை. மலையேற்றப் பாதைகளில் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் இவற்றின் செறிவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது.

உலக சுகாதார அமைப்பின் அறிவுரைப்படி, புற ஊதாச் சுட்டெண் 3 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது தோலுக்குக் காப்பு தேவை. 11ஐத் தொட்டால் அது மிகத் தீவிர நிலையாகும். வெப்பமண்டல நாடுகளில் உச்சிவேளையில் இந்த அளவு எட்டப்படுவது அரிதன்று. சுவிட்சர்லாந்து சுற்றுப் போட்டியில் பங்கேற்ற தொழில்முறை வீரர்களின் உடலில் அளவிகளைப் பொருத்தி ஆய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்கள் பெற்ற புற ஊதாக் கதிரளவு பன்னாட்டு வரம்புகளைப் பல மடங்கு மீறியதைக் காட்டியது.

இதன் விளைவு ஒரு நாள் எரிச்சலோடு முடிவதில்லை. பல ஆண்டுகள் வெயில்பட்ட வழுக்கைத் தலைகளில், உப்புத்தாள் போலச் சொரசொரப்பான சிறு செதில் தடிப்புகள் தோன்றுகின்றன. இவை புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகக் கருதப்படுகின்றன. இவற்றுள் சில செதிள் உயிரணுப் புற்றுநோயாக மாறக்கூடும். தலைத்தோலிலோ கழுத்திலோ தோன்றும் மெலனோமா எனும் கரும்புற்று, கைகால்களில் தோன்றுவதைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு உயிரிழப்பை உண்டாக்குவதாக 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகிறது. கண்ணாடியில் தன் உச்சந்தலையை ஒருவர் எளிதில் பார்க்க முடியாது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கருநிறத் தோலில் உள்ள மெலனின் நிறமி இயற்கையான காப்பைத் தருவதால், அத்தகையோரிடம் இப்புற்றுகள் குறைவாகவே காணப்படுகின்றன. ஆயினும் வெயிலால் தோல் எரிவதும், தலை சூடேறி உடல் தளர்வதும் எல்லா நிறத்தவர்க்கும் பொதுவானவை.

== வியர்வை ==

வழுக்கைத் தலையினர் தங்களுக்குத்தான் அதிகம் வியர்க்கிறது என்று கூறுவது வழக்கம். இது வெறும் எண்ணமன்று. கபனாக், பிரினெல் ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், உடல் சற்றுச் சூடேறிய நிலையில், வழுக்கைத் தலைத்தோலிலிருந்து ஆவியாகும் வியர்வை முடியுள்ள தலைத்தோலிலிருந்து ஆவியாவதைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருந்ததாகக் கண்டனர். முடி இருந்தால் வியர்வையின் ஒரு பகுதி அதிலேயே தங்கும். முடியில்லாத தலையில் தடுப்பு ஏதுமின்றி நெற்றிக்கு இறங்குகிறது.

வியர்வை குளிர்விப்பது அது ஆவியாகும்போது மட்டுமே. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அவ்வெப்பம் தோலிலிருந்து எடுக்கப்படுகிறது. சொட்டாகக் கீழே விழும் வியர்வையால் உடலுக்கு நீரும் உப்பும் இழப்பாவதைத் தவிரப் பயனில்லை. இதனால்தான் காற்றோட்டம் முதன்மை பெறுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் செல்பவரின் தலை பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். அவரே ஒரு மேட்டில் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போதும், போக்குவரத்து விளக்கருகே நிற்கும்போதும் காற்று நின்று, வியர்வை திடீரெனக் கண்களில் இறங்குகிறது. உப்பு நீரால் கண் எரிந்து, இமைகள் தாமாக மூடிக்கொள்ளும் அச்சில நொடிகள் சாலையில் ஆபத்தானவை. ஒரு கையை எடுத்துக் கண்ணைத் துடைப்பதும் அவ்வளவு பாதுகாப்பானதன்று.

முடி வெயிலிலிருந்து எவ்வளவு காக்கிறது என்பதை 2023இல் டினா லசிசி, நீனா ஜப்லோன்ஸ்கி முதலானோர் வெப்ப அளவிகள் பொருத்திய மனித உருப்பொம்மைக்குப் பலவகைப் பொய்முடிகளை அணிவித்து ஆய்ந்தனர். எவ்வகை முடியும் வெயிலால் தலை பெறும் வெப்பத்தைக் குறைத்தது. இறுகச் சுருண்ட முடி மிக நன்றாகக் குறைத்தது. வெறுந்தலை வியர்வையை ஆவியாக்குவதில் சிறந்திருந்தாலும், வெயிலில் அது பெற்ற வெப்பமே மிகுதி. எனவே அதனை ஈடுகட்ட மேலும் வியர்க்க வேண்டியிருந்தது. சுருண்ட முடி தோலைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே நிழல் தருகிறது. இடையில் காற்றும் இருக்கிறது. வழுக்கைத் தலைக்கு வேண்டிய அணியும் இதைத்தான் செய்ய வேண்டும்.

== தலைக்கவசத்தின் துளைகள் ==

இன்றைய மிதிவண்டித் தலைக்கவசங்கள் விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீன் நுரையால் செய்யப்பட்டு, காற்றோட்டத்திற்கென நீள்துளைகள் பல கொண்டவை. துளைகள் பெரிதானால் தலை குளிரும். ஆனால் அதே துளைகளின் வழியே வெயிலும் நுழையும். பல மணி நேரம் வெயிலில் ஓட்டிய வழுக்கைத் தலையினரின் உச்சியில் துளைகளின் வடிவிலேயே கருத்த அல்லது சிவந்த பட்டைகள் விழுவதுண்டு. இது நகைப்புக்கு இடமளிப்பதாயினும் தோலுக்கு நேர்ந்த சேதத்தின் வரைபடமாகும். துளை வழியே புகும் தேனீயும் குளவியும் வேறொரு தொல்லை. முடியில்லாத தோலில் கொட்டு நேராக விழும்.

ஆஸ்திரேலியாவில் இச்சிக்கல் கூர்மையாக உள்ளது. விக்டோரியா மாநிலம் 1990 சூலை 1 முதல் மிதிவண்டியோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்களும் 1992க்குள் பின்பற்றின. உலகிலேயே தோல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் நாடுகளில் ஒன்றான அங்கு, 1981 முதலே சட்டை, களிம்பு, தொப்பி ஆகிய மூன்றையும் வலியுறுத்தும் பரப்புரை நடந்துவந்தது. அகன்ற விளிம்புத் தொப்பியைத் தலைக்கவசத்தோடு சேர்த்து அணிய முடியாது. ஆகவே தலைக்கவசத்தைச் சுற்றிப் பொருத்தும் துணி விளிம்புகள் பயன்பாட்டுக்கு வந்தன. இவை காதுக்கும் பிடரிக்கும் நல்ல நிழல் தரும். உச்சியில் உள்ள துளைகளை மறைப்பதில்லை.

== தலையணிகள் ==

=== மிதிவண்டித் தொப்பி ===

சிறிய விளிம்புடைய மெல்லிய பருத்தித் தொப்பியே மிதிவண்டியோட்டிகளின் மரபான தலையணி. விளிம்பை இறக்கினால் கண்ணுக்கு நிழல். தொப்பியைத் திருப்பி அணிந்தால் பிடரிக்கு நிழல். அடிப்பந்தாட்டத் தொப்பியைப் போல் உச்சியில் பொத்தான் இராது என்பதால் தலைக்கவசத்தின் அடியில் உறுத்தாது. பருத்தி நீரை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. வறண்ட வெப்பத்தில் நனைத்து அணிந்தால் அது மெல்ல உலர்ந்து தலையைக் குளிர்விக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் அதே தொப்பி உலராமல் ஊறி, ஒரு கட்டத்திற்குப் பின் தானே சொட்டத் தொடங்கும்.

வெள்ளைப் பருத்தித் துணி வெயிலை முழுவதும் தடுப்பதாக நினைப்பது தவறு. துணிகளின் புற ஊதாக் காப்பு, யு.பி.எஃப் எனும் எண்ணால் குறிக்கப்படுகிறது. 50 எனில் ஐம்பதில் ஒரு பங்கு கதிரே ஊடுருவும். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டைத் துணிக்கு இவ்வெண் பத்துக்கும் குறைவாகவே இருக்கும். நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி கூடுதல் காப்பைத் தரும்.

=== செயற்கை இழைத் தொப்பி ===

மண்டையோடு ஒட்டி நிற்கும் விளிம்பில்லாத பாலியெஸ்டர் தொப்பிகள் வியர்வையைத் தம் பரப்பெங்கும் பரப்பி விரைவில் உலர விடுகின்றன. ஈரப்பதம் மிக்க நாடுகளுக்கு இவை பருத்தியைவிடப் பொருத்தமானவை. நாற்றம் பிடித்துக்கொள்வது இவற்றின் குறை. 1990களின் தொடக்கத்தில் எசுப்பானியாவில் உருவான தையலற்ற குழாய்த் துணியையும் மடித்துத் தொப்பியாக அணியலாம்.

=== பந்தனா ===

முக்கோணமாக மடித்துப் பிடரியில் முடியும் துணி பந்தனா எனப்படுகிறது. இச்சொல், கட்டுதல் எனப் பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. தமிழ்நாட்டில் வயலில் வேலை செய்வோர் துண்டால் கட்டும் முண்டாசும் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஒருங்கே பயன்படுவதே. ஆனால் அதன் பருமனால் தலைக்கவசத்தின் அடியில் அணிய ஏற்றதன்று. பந்தனாவிலும் முடிச்சு கவசத்துக்கு வெளியே அமைய வேண்டும்.

மிதிவண்டிப் போட்டிகளில் பந்தனாவைப் புகழ்பெறச் செய்தவர் இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி (1970–2004). பெயரும் துணியும் ஒத்தொலிப்பது தற்செயலே. இளமையிலேயே முடி உதிரத் தொடங்கிய அவர் தலையை மழித்துக்கொண்டு பந்தனாவும் காதணியுமாக ஓட்டியதால் 'கடற்கொள்ளையன்' எனப் பெயர் பெற்றார். 1998இல் இத்தாலிச் சுற்றையும் பிரான்சுச் சுற்றையும் ஒரே ஆண்டில் வென்றார். மலையேற்றத்தில் அவர் பந்தனாவைக் கழற்றி எறிந்தால் தாக்குதல் தொடங்கிவிட்டது என்று மற்றவர்கள் அறிந்துகொள்வர். 1999 இத்தாலிச் சுற்றில் முன்னணியில் இருந்தபோது, குருதிச் சோதனையில் சிவப்பணு விழுக்காடு வரம்பை மீறியதால் விலக்கப்பட்டார்.

அக்காலத்தில் வீரர்கள் தலைக்கவசமின்றி ஓட்ட முடிந்தது. 2003 மார்ச்சு மாதம் பாரிஸ்–நீஸ் போட்டியில் விழுந்து கசக்கஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலெவ் உயிரிழந்ததைத் தொடர்ந்து, பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் அவ்வாண்டு மே மாதம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தொடக்கத்தில் இறுதி மலையேற்றங்களில் மட்டும் அதைக் கழற்ற இடமளிக்கப்பட்டது. பின்னர் அச்சலுகையும் நீக்கப்பட்டது. அதன்பின் தொப்பியும் பந்தனாவும் கவசத்தின் அடியில் மட்டுமே இடம்பெற்றன.

=== நெற்றிப்பட்டை ===

நெற்றிப்பட்டை வெயிலுக்கு உதவாது. கண்ணைக் காப்பதே அதன் வேலை. துணிப்பட்டைகள் ஊறியபின் சொட்டும். உட்புறம் மெல்லிய சிலிக்கோன் வரம்பு கொண்டவை வியர்வையை நெற்றியின் குறுக்கே ஓட்டிக் காதோரம் வெளியேற்றுகின்றன. வழவழப்பான வழுக்கைத் தலையில் இவ்வரம்பு நன்கு பொருந்துகிறது.

எதை அணிந்தாலும் அது மெல்லியதாக இருத்தல் வேண்டும். தடித்த துணி கவசத்தைத் தலையிலிருந்து உயர்த்தி, விழும்போது நழுவச் செய்யும். துணியை அணிந்த பின் கவசத்தின் அளவுப் பட்டையைத் திருத்தி, அது புருவத்துக்கு ஏறத்தாழ இரு விரல் மேலே அசையாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும்.

== வெயில் காப்புக் களிம்பு ==

களிம்புகளின் எஸ்.பி.எஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கப்படுவது. 300 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வழுக்கைக்கு 0.6 கிராம் தேவை. பலரும் பூசுவது இதைவிடக் குறைவு. ஆகவே பெறும் காப்பும் குறைவே. புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பும், பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறையும் பூச அறிவுறுத்தப்படுகிறது. நீர் தாங்கும் வகை எனக் குறிக்கப்பட்டவையும் அமெரிக்க விதிகளின்படி 40 அல்லது 80 நிமிடங்களுக்கே அவ்வாறு உறுதி அளிக்கின்றன. தேங்காய் எண்ணெய் இதற்கு மாற்றாகாது.

வியர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கும் களிம்பு, வெறும் வியர்வையைவிடக் கடுமையாக எரியும். துத்தநாக ஆக்சைடு கலந்தவை இவ்வகையில் குறைவாகவே எரிச்சலூட்டுகின்றன. உச்சிக்கும் காதுக்கும் பிடரிக்கும் களிம்பு, நெற்றிக்குப் பட்டை எனப் பிரித்துக்கொள்வோரும் உளர். தொப்பி அணிந்தாலும் காதுகள் வெளியே இருப்பதால் அவற்றை விட்டுவிடுதல் கூடாது.

== தோல் பராமரிப்பு ==

மழித்த உடனே வியர்வை ஊறிய துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் மயிர்க்கால்கள் அழற்சியுற்றுச் சிறு கொப்புளங்கள் தோன்றலாம், வேர்க்குருவும் வரும். முதல் நாள் இரவே மழித்துக்கொள்வது நல்லது. தொப்பியையும் கவசத்தின் உள்மெத்தைகளையும் அடிக்கடி அலச வேண்டும். காய்ந்த உப்பு அடுத்த நாள் வியர்வையில் மீண்டும் கரைந்து தோலை உராயும்.

நான்கு வாரங்களுக்கு மேலும் ஆறாத புண், உதிர்ந்து மீண்டும் தோன்றும் செதில், நிறமோ வடிவமோ மாறும் மச்சம் ஆகியவை தலையில் காணப்பட்டால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உச்சியைத் தாமே பார்க்க இயலாதோர்க்கு வீட்டில் உள்ளவரோ முடிதிருத்துநரோ பார்த்துச் சொல்லலாம்.