ஒரு நாள் லீவில் மாமல்லை: வேலை பாதியில் நின்ற ஊர்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்திருக்கிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ஒரு நாள் லீவு இருக்கு, மகாபலிபுரத்துல என்ன பார்க்கலாம், எங்க சாப்பிடலாம்?" கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை என்று நாலு இடத்தில் போட்டோ எடுத்துவிட்டு மதியமே திரும்பிவிடலாம். தப்பில்லை. ஆனால் தொழிற்சாலையில் நிற்கிறவர்கள் அந்த ஊரை வேறு மாதிரியும் பார்க்கலாம். மாமல்லபுரம் ஒரு பெரிய வேலைத்தளம். அங்கே பல வேலைகள் பாதியில் நின்றுபோயிருக்கின்றன.

சென்னை போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்ற வேண்டாம். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போங்க. சிங்கப்பெருமாள் கோயிலில் நரசிம்மர் இருப்பதே பல்லவர் காலக் குடைவரையில்தான். திருக்கழுக்குன்றம் மலையில் ஒருகல் மண்டபம் என்ற இன்னொரு குடைவரை உண்டு. அதன் சுவரில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் துணி ஏற்றுமதி செய்ய வந்தவர்கள் அவர்கள். சுற்றுலா போன இடத்தில் பெயர் எழுதுகிற பழக்கம் நேற்று வந்ததில்லை.

மாமல்லபுரத்தில் முதலில் ஊருக்கு மேற்கே உள்ள பிடாரி ரதங்களுக்கும் வலையன்குட்டை ரதத்துக்கும் போங்க. கூட்டம் இருக்காது. மேலே விமானம் நுணுக்கமாக முடிந்திருக்கும். கீழே வர வர வேலை குறைந்து, அடியில் வெறும் பாறையாக நிற்கும். மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே இறங்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இப்படிச் செய்தால் முடிந்த பகுதியின் மேல் கல் விழாது, உயரமான சாரமும் தேவைப்படாது. முடியாத சில குடைவரைகளில் பாறையைச் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, நடுவில் நிற்கும் கட்டிகளைத் தட்டி எடுத்த தடம் அப்படியே இருக்கிறது.

இதைப் பார்த்த கண்ணோடு ஐந்து ரதத்துக்குப் போனால் பீம ரதத்தின் கீழ்ப்பகுதி முடியாமல் இருப்பது தானாகவே தெரியும். அர்ச்சுனன் தபசுக்கும் ஒரு முடியாத ஜோடி, அதே தெருவில் சற்றுத் தெற்கே இருக்கிறது. கடைசியாகக் கடற்கரைக் கோயில். ராஜசிம்மன் காலத்தில், கி.பி. 700-க்குப் பிறகு, வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. ஒரே பாறையைக் குடைவதை விட்டுத் துண்டுகளைக் கோத்துக் கட்டும் முறைக்கு மாறிவிட்டார்கள். அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறவருக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வைணவர்கள் தலசயனப் பெருமாளையும் சேவிச்சுட்டு வாங்க. பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. ராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது சொந்தக்காரர் வீடு மாதிரி.

சாப்பாட்டுக்கு ஒத்தவாடைத் தெருவில் மீன் உணவகங்கள் வரிசையாக உண்டு. மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டுவார்கள். எடை என்ன, விலை என்ன, வறுவலா குழம்பா என்பதை அப்போதே பேசிடுங்க. வஞ்சிரம் கையைக் கடிக்கும். சங்கராவும் நெத்திலியும் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீனை நம்பிப் போகாதீங்க. சைவத்துக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் போதும்.

இவ்வளவையும் யார் செய்வித்தது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை. பல அரசர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள் என்பது ஒரு கட்சி. எல்லாமே ராஜசிம்மன் பணிதான் என்று இரா. நாகசாமி 1962-ல் வாதிட்டார். தர்மராஜ ரதத்தில் பொறித்திருக்கும் அரசப் பட்டப்பெயர்கள் யாருடையவை என்பதும் இந்தச் சண்டையில் சேர்த்தி. சரி, உளி பிடித்தவர்கள் யார்?

அதற்குப் பதில் பூஞ்சேரியில் இருக்கிறது. நீங்கள் திரும்பிப் போகிற திருக்கழுக்குன்றம் சாலை பிரிகிற இடம்தான். விசாரிச்சுப் போகணும். அங்கே ஒரு பாறையில் பல்லவர் கால எழுத்தில் தொழிலாளிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன் என்று போகிறது பட்டியல். பெருந்தச்சன் தலைமைச் சிற்பியாக இருக்க வேண்டும். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும்; தீட்டித் தர ஒரு கொல்லன் கூடவே வேண்டும். நம்ம டூல் ரூம் ஆள். திருவொற்றியூர்க்காரர் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்.

அரசர்களின் பட்டம் கோயிலில் இருக்கிறது, அதைப் பார்க்க டிக்கெட் உண்டு. இவர்கள் பெயர் ஊருக்கு வெளியே ஒரு வெறும் பாறையில் இருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, ஊர்விட்டு ஊர் வந்து ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் கட்டாயம் அங்கே இறங்கிப் பார்க்கணும். பத்து நிமிஷம் போதும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது போங்க, எழுத்து நன்றாகத் தெரியும்.