பால்மரக் கட்டை

தண்ணீர் அதிகம் ஊற்றத் தேவையில்லாத காய்கறிப் பாத்தி போடப்போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். தைப்பிங் ஆயிற்றே! ஆண்டுக்கு ஏறக்குறைய 4000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர். மழை எத்தனை மணிக்கு வரும் என்று காசு வைத்துப் பந்தயம் கட்டிய கதைகள் இங்கே உண்டு. ஆனால் எங்கள் கொல்லைக் களிமண்ணில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால் போதும், பாளம் பாளமாக வெடித்துவிடும். பெய்த தண்ணீரெல்லாம் மேலாகவே ஓடிப்போகிறது.

கட்டைகளை அடுக்கி, அதன்மேல் தழையும் எருவும் மண்ணும் போட்டு மேடாக்கும் முறையை ஜெர்மானியர் 'ஹூகெல்குல்டூர்' என்கிறார்கள். மட்கும் கட்டை பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் மறுநடவுக்காக ரப்பர் மரங்களைச் சாய்த்திருந்தார்கள். ஒரு லோரி கட்டை சும்மாவே கிடைக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் பாட்டி குறுக்கே வந்தார்.

"பால்மரக் கட்டையவா? வேணாம்யா, வெள்ள வேரு வந்துரும்."

தேடிப் படித்தபோது பாட்டி சொன்னது அப்படியே இருந்தது. வெள்ளை வேர் நோய் ஒரு பூஞ்சை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலும் வேரிலும் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். புதுக்கன்றின் வேர் அதைத் தொட்டால் வெள்ளை இழையாக ஏறிவிடும். மரவள்ளியையும் விடாது. நான் நடவிருந்ததோ மரவள்ளி!

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த மண் ஏன் இப்படி ஆனது என்ற கேள்வி விடவில்லை. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் எரிந்து தோட்டங்களாயின. ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது அன்றைய துரைமார்களின் பெருமை. மரத்தடி வீட்டு முற்றம்போலச் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தப் புல்லைச் செதுக்கிய கைகள் நம்முடையவை, பெரும்பாலும் பெண்களுடையவை. பாட்டியின் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மூடாத சரிவில் மழை விழுந்தது, மேல்மண் ஆற்றுக்குப் போனது. மிஞ்சியது களி. பிறகுதான் நிலத்தை மூடும் பயற்றுக் கொடிகளைப் பரப்பினார்கள், மழைநீரும் மண்ணும் தங்கக் குழிகள் வெட்டினார்கள். அந்தக் குழிகளை வெட்டியதும் நாம்தான். துரைமார் செய்த தவறு என்று புத்தகங்கள் இதை எழுதுகின்றன. சரிதான். ஆனால் தவறுக்கும் திருத்தத்துக்கும் ஒரே ஆட்கள் கூலி வாங்கியது அவற்றில் கண்ணில் படுவதேயில்லை.

1923 தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு 1/16 ஏக்கர் ஒதுக்கச் சொன்னது. ஏறக்குறைய 2700 சதுர அடி. எங்கள் லயத்துக்குப் பின்னால் அவ்வளவு இடம் இருந்ததாகப் பாட்டிக்கு நினைவில்லை. "வாய்க்கா ஓரத்துல நாலு கீரை போட்டோம், அவ்வளவுதான்" என்றார். ஜப்பான்காரன் காலத்தில் அந்த ஓரமும் மரவள்ளியானதாம்.

கடைசியில் கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த மாமரத்தைத் துண்டுபோட்டேன். குழி தோண்டவில்லை. இந்தக் களியில் தோண்டினால் பாத்தி கிடைக்காது, குளம்தான் கிடைக்கும். தரைக்கு மேலேயே அடுக்கினேன். மட்கும் கட்டை முதலில் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் கோழி எருவை நிறையப் போட்டேன்.

ஒரு வருசத்தில் மேடு ஒரு முழம் இறங்கியிருக்கிறது. மரவள்ளி நன்றாகவே நிற்கிறது. பாட்டி மட்டும் வாரம் ஒருமுறை குச்சியால் மண்ணைக் கிளறி வெள்ளை இழை தெரிகிறதா என்று பார்க்கிறார். கட்டையை மட்கவைக்கும் நல்ல பூஞ்சையும் வெள்ளைதான் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒனக்குத் தெரியாதுய்யா" என்று அதையும் பிய்த்துப் போடுகிறார்.