சதுரத்துள் அடங்காத சுழி

1962இல் இத்தாலியின் துரின் நகர நெபியோலோ வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவரேசே 'யூரோஸ்டைல்' எழுத்துருவை வரைந்தார். அக்காலத் தொலைக்காட்சித் திரையைப் போல, மூலை மழுங்கிய சதுர வடிவம். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தின் விண்கலத் திரைகளில் அதுவே ஒளிர்ந்தது. எதிர்காலத்தின் எழுத்து என்ற பெயரும் அதற்கு நிலைத்தது.

கல்முனைக் கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளைக் காணும்போது எனக்கு அந்த எழுத்து நினைவுக்கு வரும். ஆங்கிலம் சதுரத்துள் இயல்பாக நிற்கும். தமிழில் ட, ப, ம ஆகியவையும் நிற்கும். ஆனால் 'கல்முனை'யின் ஈற்றெழுத்து நிற்காது. இரு சுழி னகரம், முச்சுழி ணகரம் என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சுழியை நசுக்கினால் ஊர்ப்பெயரே பிழையாகும். புதுமை வேண்டியதுதான், அது சுழியை எண்ணத் தெரிந்த புதுமையாக இருக்கட்டும்.