கோடி என்னும் சொல்

மந்தைவெளியில் வீடு தேடி அலையும் ஒருவருக்குத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர், "நேரே போய்த் தெருக்கோடியில் திரும்புங்கள்" என்று வழி சொல்ல, அவரும் "உங்களுக்குக் கோடி புண்ணியம், ஐயா" என்று விடைபெறும்போது, தெருவின் எல்லையையும் எண்ணின் பெருக்கத்தையும் ஒரே சொல் அடுத்தடுத்துச் சுமந்து நிற்பதை இருவருமே கவனிப்பதில்லை.

கோடி என்றால் முனை, ஓரம், கடைசி. வடமொழியில் அது வில்லின் வளைந்த நுனியைக் குறிக்கும். இராமபிரானின் வில்லோடு சேர்த்துப் பேசப்படும் தனுஷ்கோடியின் பெயரில் அப்பொருள் இன்றும் பழுதின்றி விளங்குகிறது. வில்லையும் நாணையும் கொண்டே கோணங்களை ஆராய்ந்த ஜோதிட கணிதர் வழங்கிய கோடிஜ்யா என்னும் பெயரும் அந்நுனியிலிருந்து பிறந்ததே. யஜுர்வேதம் ஒன்று முதல் பரார்த்தம் வரை அடுக்கும் எண்ணுப்பெயர்களிடையே கோடி இல்லை; ஆயினும், முடிவு என்று பொருள்படும் அந்தம் அங்கே ஓர் எண்ணின் பெயராக நிற்கிறது. ஆரியபடர் தம் நூலில் தந்த வரிசையிலோ கோடி எட்டாம் ஸ்தானத்தில் அமர்ந்துவிட்டது. எண்ணி எண்ணிச் சென்றவர்கள் தாம் எட்டிய எல்லையை முனை என்றே அழைத்தனர் எனக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பழந்தமிழரோ தாமரை, ஆம்பல், வெள்ளம் என்று நீர்நிலையிலிருந்து பேரெண்களுக்குப் பெயர் எடுத்தனர். ஐ, அம், பல் என முடியும் அப்பெயர்களின் புணர்ச்சிக்குத் தொல்காப்பியர் விதியும் வகுத்தார். அவை வழக்கொழிந்தது நமக்குப் பெரு நஷ்டம்.

ஏழு பூஜ்யங்களை உடைய கோடியின் உள்ளமைப்பு மிக அழகியது. ஏழு இரண்டுகளைத் தம்முள் பெருக்கினால் 128. ஏழு ஐந்துகளைப் பெருக்கினால் 78,125. இவ்விரண்டின் பெருக்கற்பலனே கோடி. ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: பூஜ்யம் கலவாத இரண்டு எண்களாகக் கோடியைப் பிரிப்பதற்கு இஃதொன்றே வழி, ஏனெனில், ஓர் இரண்டும் ஓர் ஐந்தும் ஒரே காரணியில் கூடிய மாத்திரத்தில் அதன் கடைசியில் பூஜ்யம் வந்து அமர்ந்துவிடும். கோடியை மீதியின்றி வகுக்கும் எண்கள் 64. கோடியை நீக்கி, எஞ்சிய 63-ஐயும் கூட்டினால் 1,49,02,280 ஆகிக் கோடியையே மிஞ்சுகிறது. கோடிக்கு உட்பட்ட பகா எண்கள் 6,64,579; அவற்றுள் கடைசி 99,99,991. முனை என்று பெயர் பெற்ற அவ்விடத்தைக் கடந்து பத்தொன்பது எண்கள் சென்றால், 1,00,00,019 என்னும் அடுத்த பகா எண் நிற்கிறது.