உப்புத் தெளிப்பு அரிமானச் சோதனை: தரநிலைகளும் கருவியமைப்பும் – ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

உலோகப் பூச்சு ஒன்றின் தரத்தை மணிநேரக் கணக்கில் சுட்டுவது தொழில்துறை வழக்கு. உப்புத் தெளிப்பு அறைக்குள் அப்பூச்சு துருவேறாமல் தாங்கிய கால அளவே அவ்வெண். கொள்முதல் ஒப்பந்தங்களில் இடம்பெறும் அதனைப் பொறுத்தே சரக்கு ஏற்கப்படுகிறது, அல்லது மறுக்கப்படுகிறது. எனினும் அவ்வெண் எதனை அளக்கிறது என்னும் வினாவிற்குத் தரநிலைகளே வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. ஏ.எஸ்.டி.எம். பி117, ஐ.எஸ்.ஓ. 9227 ஆகிய இரண்டையும் அவை கோரும் கருவியமைப்பின் வழியே ஒப்பிடுகையில் இவ்வரலாறு தெளிவுறுகிறது.

தொடக்கம்

1914ஆம் ஆண்டு ஜே. ஏ. கேப், அமெரிக்கப் பொருட்சோதனைக் கழகத்தின் (ஏ.எஸ்.டி.எம்.) கூட்டத்தில், இரும்பின் மீதமைந்த பாதுகாப்புப் பூச்சுகளை உப்புநீர்த் தெளிப்பால் சோதிக்கும் முறையை முன்மொழிந்தார். அம்முறை பி117 என்னும் தரநிலையாக வடிவம் பெற்றது 1939இல்தான். தொடக்கக்காலச் சோதனைகளில் 20 விழுக்காட்டுக் கரைசல் பயன்பட்டது. கடல்நீரின் உப்பளவு ஏறத்தாழ 3.5 விழுக்காடே என்பதால், கடற்கரைச் சூழலைப் போன்மை செய்வது இதன் நோக்கமாக இருந்திருக்க இயலாது. உப்பின் செறிவு கூடக்கூடக் கரைசலில் கரையும் உயிர்வளி குறையும். தெளிமுனைகளும் எளிதில் அடைபடும். பின்னர் 5 விழுக்காடு நிலைபெற்றது.

கருவியமைப்பில் ஒற்றுமையும் வேற்றுமையும்

இரு தரநிலைகளும் 35 பாகை செல்சியசு வெப்பநிலையையும், 6.5 முதல் 7.2 வரையிலான கார அமிலக் குறியீட்டையும் கோருகின்றன. அழுத்தப்பட்ட காற்று முதலில் வெந்நீர் நிரம்பிய ஈரமூட்டுக் கோபுரத்தின் வழியே செலுத்தப்படுகிறது. உலர்ந்த காற்று நேரடியாகத் தெளிமுனைக்குச் சென்றால் துளிகளின் நீர் ஆவியாகிக் கரைசலின் செறிவு மாறிவிடும் என்பதே காரணம். அறையின் கூரையில் படியும் துளிகள் மாதிரிகளின்மீது சொட்டாதவாறு அமைப்பிருத்தல் வேண்டும். ஒருமுறை தெளிக்கப்பட்ட கரைசல் மறுமுறை பயன்படலாகாது. 80 சதுர செ.மீ. பரப்புடைய புனலில் மணிக்கு 1 முதல் 2 மி.லி. வரை கரைசல் சேருதல் வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள சாதாரணப் புனலின் பரப்பும் ஏறத்தாழ இதுவே. நுண்ணளவை போலத் தோன்றும் ஓர் எண் ஆய்வகத்தின் எளிய பொருளொன்றோடு பொருந்தியிருப்பது கருதத்தக்கது.

சிறு வேறுபாடுகளும் உள. மாதிரித் தகட்டைச் செங்குத்திலிருந்து 15 முதல் 30 பாகை வரை சாய்க்கலாம் என்கிறது பி117, ஐ.எஸ்.ஓ. 15 முதல் 25 பாகைக்குள் நிறுத்துகிறது.

அடிப்படையான வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. 1976இல் தனித்தனியே வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 3768, 3769, 3770 ஆகியன 1990இல் 9227 என ஒன்றிணைந்தன. நடுநிலை, அசிட்டிக் அமிலம், செப்பு கலந்த அமிலம் என மூவகைத் தெளிப்புகளும் இவ்வாறு ஒரே ஆவணத்தில் அடங்கின. அமெரிக்க மரபிலோ இவை பி117, ஜி85, பி368 எனப் பிரிந்தே நிற்கின்றன. மேலும், அறையின் அரிக்கும் திறனையே அளந்து சரிபார்க்குமாறு ஐ.எஸ்.ஓ. வலியுறுத்துகிறது: நடுநிலைத் தெளிப்பில் எஃகு மேற்கோள் தகடு 48 மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு 70 கிராம் (20 கிராம் கூடியோ குறைந்தோ) எடையிழத்தல் வேண்டும். பி117இல் இத்தகைய சரிபார்ப்பு கட்டாயமற்ற பின்னிணைப்பாகவே உள்ளது. வெப்பநிலையும் தெளிப்பளவும் சரியாக இருந்தும் இரு அறைகள் மாறுபட்ட விளைவைத் தரக்கூடும் என்பதால், ஐ.எஸ்.ஓ.வின் அணுகுமுறையே வலுவுடையது எனலாம்.

துத்தநாகப் பூச்சும் எழுந்த ஐயமும்

திறந்தவெளியில் துத்தநாகப் பூச்சு மழையில் நனைந்து, வெயிலில் உலர்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு வினைபுரிந்து, கார்பனேட்டுப் படலமாகிய ஒரு காப்பை மெல்ல உருவாக்கிக்கொள்கிறது. உப்புத் தெளிப்பு அறையில் உலரும் பொழுதே இல்லை. இடைவிடாத ஈரத்தில் அப்படலம் உறுதிபெற வழியின்றித் துத்தநாகம் விரைந்து கரைகிறது. ஆகவே வெளியில் பல்லாண்டு நிலைக்கும் பூச்சு அறையில் சில நாட்களிலேயே தோற்கக்கூடும். வேறு காப்பியக்கம் உடைய பூச்சொன்று அதனை விஞ்சியதாகத் தோன்றவும் கூடும். தகுதியுள்ள சரக்கு மறுக்கப்படுவது இத்தகைய இடத்தில்தான்.

பிரித்தானியாவில் உருவான 'புரோகீசன்' முறை இக்குறையை நேரடியாக எதிர்கொண்டது. 0.05 விழுக்காடு உப்பும் 0.35 விழுக்காடு அம்மோனியம் சல்பேட்டும் கலந்த மெல்லிய கரைசலை ஒரு மணி நேரம் தெளித்து, அடுத்த ஒரு மணி நேரம் உலர்த்துவது அதன் வழி. பின்னர் இது ஜி85இன் பின்னிணைப்பாக ஏற்கப்பட்டது. இதற்கு உலர்காற்று செலுத்தும் அமைப்பும் சுழற்சிக் கட்டுப்பாடும் தேவைப்பட்டமையால், பழைய அறைகள் மாற்றமின்றி இதற்குப் பயன்படவில்லை. விலை குறைந்த பழைய முறை ஒப்பந்தங்களில் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1990களில் பி117இன் தலைப்பே மாறியது. 'சோதனை' என்னும் சொல் நீங்கி, 'கருவியை இயக்கும் நடைமுறை' என்னும் பொருள்தரும் தலைப்பு வந்தது. எம்மாதிரியை, எத்தனை மணி நேரம் வைப்பது, விளைவை எவ்வாறு பொருள்கொள்வது என்பவற்றை அது வரையறுப்பதில்லை. இயற்கைச் சூழலில் பொருளின் செயல்பாட்டோடு இம்முடிவுகள் தனித்த நிலையில் அரிதாகவே ஒத்துப்போகின்றன என்பதையும் அத்தரநிலை கூறுகிறது. தன்மையில் ஒத்த பூச்சுகளுக்கிடையே மட்டுமே ஒப்பீடு பொருந்தும் என ஐ.எஸ்.ஓ. 9227உம் வரம்பிடுகிறது. ஒப்பந்தங்கள் மேற்கோள் காட்டும் தரநிலை எண்ணோடு இவ்வெச்சரிக்கை வாசகங்கள் உடன் செல்வதில்லை.